ஃபார்ச்சூனா பனியாற்றுக்குப் பெயர் வைத்தவர்கள்

கப்பலில் செகண்ட் ஆபீசருக்கு விழுகிற வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பாசேஜ் பிளான் போடுவது. எந்தத் தடத்தில் போவது, எங்கே திரும்புவது, எந்தப் பாறையை எவ்வளவு தள்ளி விடுவது என்று சார்ட் என்கிற கடல் வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைக்கிற வேலை. சரக்குக் கப்பலில் இருந்த காலத்தில் சிங்கப்பூர் ஜலசந்தியும் சூயஸும்தான் மாறி மாறி வரும். இப்போது நான் இருப்பது தென்துருவப் பக்கம் பயணிகளை அழைத்துப் போகிற ஒரு சின்னக் கப்பலில். அதனால் தெற்கு ஜார்ஜியாவின் சார்ட்டோடு நிறைய நேரம் உட்கார வேண்டியிருக்கிறது.

தெற்கு ஜார்ஜியா தென் அட்லாண்டிக்கில் தனியாகக் கிடக்கும் தீவு. ஃபாக்லாந்திலிருந்து கிழக்கே சுமார் 1,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. நீளம் சுமார் 170 கி.மீ. விமானத்தளம் கிடையாது, கப்பலை விட்டால் வேறு வழியில்லை. நிலத்தில் பாதிக்கு மேல் என்றும் பனி மூடியே இருக்கும். நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று ஒருவரும் இல்லை. கிங் எட்வர்ட் பாயிண்ட்டில் அரசு அதிகாரிகள் சிலரும் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தின் ஆட்களும் முறைவைத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சார்ட்டை விரித்தால் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முனைக்கும், ஒவ்வொரு பாறைக்கும், ஒவ்வொரு பனியாற்றுக்கும் ஒரு பெயர். ஆளில்லாத ஊரில் இத்தனை பெயர் எதற்கு என்று புதிதாகப் பயிற்சிக்கு வந்த கேடட் ஒருவன் கேட்டான். அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வடக்குக் கரையோரமாக மேற்கிலிருந்து கிழக்கே வந்தால் பொசஷன் விரிகுடா, அண்டார்க்டிக் விரிகுடா இரண்டையும் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு பனியாறு கடலில் வந்து இறங்குவது தெரியும். அதை ஒட்டி கேப் பெஸ்ட் என்ற முனை. முனையைச் சுற்றித் திரும்பினால் ஃபார்ச்சூனா விரிகுடா. பனியாற்றின் பெயரும் ஃபார்ச்சூனாதான். அதன் ஒரு கிளை கிழக்கே பிரிந்து அந்த விரிகுடாவின் மேற்குக் கரையை எட்டிப் பார்க்கிற மாதிரி வந்து நிற்கிறது.

முகப்பு நேரான சுவர் மாதிரி இருக்காது. மேலிருந்து கீழாக வெட்டு வெட்டாகப் பிளந்து, பலகை பலகையாகச் சாய்ந்து நிற்கும். பிளவுகளுக்குள்ளே நீலம், மேலே அழுக்கு வெள்ளை, இடையில் மலை அரைத்துப் போட்ட கல்தூளின் கறுப்புக் கோடுகள். அந்தத் தூள் கரைந்து வருவதால் முகப்புக்கு முன்னால் கடல் நீரின் நிறமே மாறியிருக்கும், பால் கலந்த ஒரு பச்சை. துண்டு ஒன்று உடைந்து விழுவதைத் தூரத்தில் பார்த்தால், அது விழுந்து நுரை எழும்பிய பிறகுதான் சத்தம் வந்து சேரும். உடைந்த துண்டுகளில் எங்களுக்குப் பயம் பெரியவற்றைப் பற்றியல்ல, அவை ரேடாரில் தெரிந்துவிடும். பாதி மூழ்கி, கண்ணாடி போலத் தெளிவாக மிதக்கிற சின்னத் துண்டுகள்தான் ஆபத்து. அலையோடு அலையாகக் கிடக்கும், ரேடார் காட்டாது. அந்தக் கரையில், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் எப்போதும் ஒருவர் பைனாகுலரோடு நிற்பார்.

ஃபார்ச்சூனா என்பது ஒரு படகின் பெயர். திமிங்கில வேட்டைப் படகு. நீராவியில் ஓடும், மூக்கில் ஹார்ப்பூன் பீரங்கி, பாய்மரத்தின் உச்சியில் ஆள் நின்று பார்க்க ஒரு பீப்பாய்.

அதைக் கொண்டுவந்தவர் கார்ல் அன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர். 1901-லிருந்து 1904 வரை நடந்த ஸ்வீடன் அண்டார்க்டிக் பயணத்தில், ஓட்டோ நோர்டன்ஷோல்டின் தலைமையில் போன கப்பலுக்குக் கேப்டனாக இருந்தவர் இவர்தான். அந்தக் கப்பல் 1903-ல் பனியில் நசுங்கி மூழ்கியது. அர்ஜென்டினாக் கடற்படைதான் போய் எல்லோரையும் மீட்டு வந்தது. லார்சன் பியூனஸ் அயர்ஸ் வந்து சேர்ந்ததும், தெற்கே திமிங்கிலங்கள் மலிந்து கிடக்கின்றன, யாராவது முதல் போடுங்கள் என்று கேட்டார். 1904-ல் ஒரு கம்பெனி உருவானது. அதே ஆண்டு நவம்பரில், நார்வேயில் புதிதாகக் கட்டிய ஃபார்ச்சூனாவோடும் வேறு இரண்டு கப்பல்களோடும் லார்சன் கிரிட்விக்கனில் வந்து இறங்கி வேட்டை நிலையத்தைக் கட்ட ஆரம்பித்தார். தெற்கு ஜார்ஜியாவின் முதல் வேட்டை நிலையம் அதுதான், முதல் வேட்டைப் படகு ஃபார்ச்சூனாதான்.

அங்கே நடந்ததை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. 1904-லிருந்து 1965 வரை அந்தத் தீவின் நிலையங்களில் 1,75,000-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்களை வெட்டி எண்ணெய் காய்ச்சியிருக்கிறார்கள். கிரிட்விக்கனில் இன்றும் துருப்பிடித்த தொட்டிகளும் கொதிகலன்களும் நிற்கின்றன. அந்த மேடையில் நின்றால் என்னால் பேச முடிவதில்லை. ஃபார்ச்சூனா என்ற பெயர் அந்த வேலையிலிருந்து வந்த பெயர். ஆனாலும் அந்தத் தீவில் இருக்கிற பெயர்களிலேயே மிகவும் நியாயமானது அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மற்றப் பனியாறுகளின் பெயர்களைப் பாருங்கள். கம்பர்லாந்து விரிகுடாவில் நோய்மாயர் பனியாறு இருக்கிறது. ஜார்ஜ் வான் நோய்மாயர் ஜெர்மனியின் பெரிய விஞ்ஞானி, துருவ ஆய்வுக்காக வாழ்நாள் முழுக்கப் பேசியவர். அவர் பெயரை வைத்தது ஸ்வீடன் பயணக் குழு. பக்கத்திலேயே லயல், கெய்கி என்று பிரிட்டிஷ் புவியியலாளர்களின் பெயர்கள். ராயல் விரிகுடாவில் ராஸ் பனியாறு. 1882-83-ல் முதல் சர்வதேசத் துருவ ஆண்டுக்காக வந்து தங்கிய ஜெர்மானியர்கள் வைத்தது. ஃபார்ச்சூனா விரிகுடாவின் தலைமாட்டில் கோனிக் பனியாறு. 1911-12-ல் ஃபில்ச்னர் என்ற ஜெர்மானியரின் பயணத்தில் வந்த ஆஸ்திரிய மலையேறி ஃபெலிக்ஸ் கோனிக்கின் பெயர். இவர்களில் யாரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. தெற்குக் கரையில் எஸ்மார்க் பனியாறு என்று ஒன்று உண்டு. நார்வேயின் யென்ஸ் எஸ்மார்க், ஒரு காலத்தில் பனியாறுகள் இப்போது இருப்பதைவிட எத்தனையோ மடங்கு பரந்து கிடந்தன என்று 1820-களிலேயே கண்டு சொன்னவர். அவருக்கு ஒரு பனியாறு என்ன, இரண்டு கொடுத்தாலும் தகும்.

ஆனால் இப்படி மரியாதைக்காகச் சூட்டிய பெயர் எல்லாமே நிலைக்கும் என்று சொல்ல முடியாது. மொரெய்ன் ஃபியோர்டு என்ற ஒடுங்கிய கடற்கழியின் தலைப்பில் கடலில் இறங்குகிற பனியாற்றுக்கு நோர்டன்ஷோல்டின் ஆட்கள் ஜெரார்டு டி யீர் என்ற தங்கள் நாட்டுப் புவியியலாளரின் பெயரை வைத்தார்கள். ஏரிக் களிமண்ணில் ஆண்டுக்கொன்றாகப் படிந்த அடுக்குகளை எண்ணி, பனி எந்த வருடம் எங்கே பின்வாங்கியது என்று கணக்குச் சொன்ன பெரியவர் அவர். அப்புறம் 1912 வாக்கில் டேவிட் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். அவர் அதே பனியாற்றுக்கு ஹார்க்கர் என்று ஒரு ஆங்கிலேயப் பாறையியலாளரின் பெயரை வைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1951-52-ல், நில அளவைக்காரர்கள் வந்து பார்த்தபோது அங்கே இருந்தவர்கள் யாருக்கும் டி யீர் என்ற பெயரே தெரியவில்லை. எல்லோரும் ஹார்க்கர் என்றுதான் சொன்னார்கள். முதலில் வைத்த பெயர் போய், வாயில் புழங்கிய பெயர் படத்தில் ஏறியது. இன்றைய சார்ட்டிலும் ஹார்க்கர்தான்.

அந்த நில அளவையை நடத்தியவர் டங்கன் கார்ஸ். பிரிட்டிஷ் ரேடியோவில் பிரபலமான நாடகத் தொடர் ஒன்றில் கதாநாயகனாகக் குரல் கொடுத்தவர். அதை விட்டுவிட்டு 1951-லிருந்து 1957-க்குள் நான்கு முறை ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய், ஸ்லெட்ஜ் இழுத்து, தீவின் உட்பகுதியை அளந்தார். அதுவரை படங்களில் கரை மட்டும்தான் இருந்தது, நடுவில் வெள்ளைத் தாள். 1958-ல் அந்த அளவையை வைத்து அச்சான வரைபடம்தான் பல பத்தாண்டுகள் எல்லோருக்கும் ஆதாரம். பெயர்களை முடிவு செய்தது லண்டனில் இருக்கும் அண்டார்க்டிக் இடப்பெயர்க் குழு. ஆனால் மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கு, அங்கே இருப்பவர்கள் இதை என்னவென்று அழைக்கிறார்கள் என்ற செய்தியைக் கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இந்த அளவைக்காரர்கள். அந்தப் பழக்கத்துக்காகவே கார்ஸ் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

சரி, ஃபார்ச்சூனாவுக்கு வருகிறேன். சுமார் 1912-லிருந்தே அந்தப் பனியாற்றுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. பேராசிரியர் யாருடைய பெயரும் அல்ல, புரவலர் பெயரும் அல்ல. அந்தத் தீவில் வேட்டையாடிய ஒரு படகின் பெயர். வேட்டைக்காரர்களின் வாயில் ஊறி நின்ற பெயர் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு அது அலங்காரமே அல்ல. பனிமூட்டத்தில் எங்கே பனியாறு வரும், எந்த விரிகுடாவில் பனியாறு இல்லை என்பது தெரியாமல் அந்தக் கரையில் ஒரு இரவுகூட ஓட்ட முடியாது.

இந்த அறிவு மூன்று பேர் உயிரைக் காத்த கதையை நிறையப் பேர் படித்திருப்பீர்கள். ஆனால் பெயருக்கு அதில் இருக்கிற பங்கை யாரும் எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

1916 மே மாதம். துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் வெட்டெல் கடலில் பனியில் நசுங்கிப் போய், ஆட்கள் எலிஃபண்ட் தீவில் ஒதுங்கி, அங்கிருந்து ஷாக்கிள்டன் ஐந்து பேரோடு ஜேம்ஸ் கெய்ர்டு என்ற திறந்த படகில் ஏறத்தாழ 1,300 கி.மீ. கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியாவின் தென்கரையில் வந்து சேர்ந்திருந்தார். வேட்டை நிலையங்கள் எல்லாம் வடகரையில். படகு மறுபடி கடலில் இறங்கும் நிலையில் இல்லை. மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதுவரை யாரும் குறுக்கே கடக்காத உட்பகுதி. மே 19 அதிகாலை 3 மணிக்கு ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் நிலா வெளிச்சத்தில் கிளம்பினார்கள். கூடாரம் இல்லை, தூங்கப் பை இல்லை. கையில் ஒரு கயிறு, ஒரு பிரைமஸ் அடுப்பு, தச்சர் மெக்னிஷின் வாச்சி. மெக்னிஷ் படகிலிருந்து திருகாணிகளைக் கழற்றி அவர்களுடைய பூட்ஸ் அடியில் முள் முள்ளாகப் பதித்துக் கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு மெக்னிஷுக்குப் போலார் பதக்கம் கொடுக்கப்படவில்லை. எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை.

அவர்கள் கையிலிருந்த படத்தில் கரைக்கோடு மட்டும்தான். மலைத்தொடரின் ஒரு வெட்டில் ஏறுவார்கள், அந்தப் பக்கம் இறங்க முடியாது, திரும்புவார்கள், அடுத்த வெட்டு. நான்காவதில் இருட்டும் பனிமூட்டமும் பின்னாலேயே ஏறி வரவும், கயிற்றைச் சுருட்டி அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து சரிவில் வழுக்கி இறங்கினார்கள். இரவில் நிலா எழுந்தது. கீழே ஒரு விரிகுடா தெரிந்தது. வேட்டை நிலையம் இருக்கிற ஸ்ட்ரோம்னெஸ் வந்துவிட்டது என்று மூவருக்கும் சந்தோஷம். அதோ அந்தத் தீவு, இதோ இந்த முனை என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். ஆசை இருந்தால் நிலா வெளிச்சத்தில் எல்லா முனையும் தெரிந்த முனையாகத்தான் இருக்கும், எந்த மாலுமியைக் கேட்டாலும் சொல்வார்.

அப்போது காலடியில் பனி பிளந்திருப்பது தெரிகிறது. பிளவு என்றால் பனியாறு. ஸ்ட்ரோம்னெஸ்ஸில் பனியாறு கிடையாது. அப்படியானால் இது ஃபார்ச்சூனா பனியாறுதான். ஷாக்கிள்டனே பின்னர் இதை எழுதியிருக்கிறார். மூவரும் திரும்பி, அவ்வளவு தூரம் இறங்கியதையெல்லாம் மறுபடி ஏறினார்கள்.

அந்த மனிதருக்கு அந்தப் பெயரும் அந்த இடமும் எப்படித் தெரியும்? 1914 நவம்பரில் எண்டூரன்ஸ் கிரிட்விக்கனில் வந்து நின்றது. ஒரு மாதம் அங்கேயே. வேட்டைக்காரர்களோடு உட்கார்ந்து, தெற்கே பனி எப்படி, கரை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்த மாதம் அது. வேட்டைப் படகுக்காரர்கள் ஒரு படகின் பெயரால் அழைத்து வந்த பனியாறு, பதினெட்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில், உடலில் ஒன்றும் மிச்சமில்லாத ஒருவரின் நினைவில் சரியான இடத்தில் வந்து நின்றது. அந்தப் பிளவுகளுக்குள் அவர்கள் தொடர்ந்து இறங்கியிருந்தால் எலிஃபண்ட் தீவில் காத்திருந்த 22 பேருக்கும் சேதி சொல்ல ஆள் இருந்திருக்காது. பாசேஜ் பிளான் போடும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பெயர் தெரிந்த இடத்தில்தான் தவறைக் கண்டுபிடிக்க முடியும்.

மறுநாள் காலை 7 மணிக்கு ஸ்ட்ரோம்னெஸ் நிலையத்தின் சங்கு ஊதியது அவர்கள் காதில் விழுந்தது. மாலையில் போய்ச் சேர்ந்தார்கள். நடந்தது ஏறத்தாழ 36 மணி நேரம்.

அதே மே மாதம்தான் ஃபார்ச்சூனா படகும் முடிந்துபோனது. கிரிட்விக்கனுக்கு வெளியே ஹோப் பாயிண்ட்டில் பாறையில் ஏறி உடைந்தது. சுக்கான் பிடித்தவர் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். மாதக்கணக்காகத் தபால் வராத கப்பலில் நானும் இருந்திருக்கிறேன், அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வராது.

பின்னாளில் இடப்பெயர்க் குழு, அந்த நடையின் வழியில் இருந்த பனியாறு ஒன்றுக்கு டாம் கிரீனின் பெயரைக் கொடுத்தது. அண்டார்க்டிக் விரிகுடாவில் இறங்கும் கிரீன் பனியாறு, ஃபார்ச்சூனாவின் பக்கத்து வீடு. அயர்லாந்தின் கெர்ரியில் பிறந்த எளிய கடற்படை ஆள், ஊருக்குத் திரும்பியதும் சவுத் போல் இன் என்று ஒரு மதுக்கடை வைத்து வாழ்ந்து 1938-ல் இறந்தவர். கால் வைத்து நடந்தவருக்கே அந்தப் பனி கிடைத்தது. இரண்டு பெயரும் சார்ட்டில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும்.

ஃபார்ச்சூனாவின் பெயர் உலகச் செய்தியில் வந்தது 1982 ஏப்ரலில். ஃபாக்லாந்து போரின்போது, அர்ஜென்டினா வசம் போயிருந்த தீவை மீட்க, பிரிட்டிஷ் சிறப்புப் படையின் மலைப்பிரிவை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் அந்தப் பனியாற்றின் மேல் இறக்கினார்கள். தீவை அறிந்தவர்கள் வேண்டாம் என்றுதான் எச்சரித்திருந்தார்கள். இரவெல்லாம் புயல். கூடாரங்கள் பறந்துபோயின. மறுநாள் காலை, எங்களை எடுத்துவிடுங்கள் என்று அவர்களே கேட்க வேண்டியதாயிற்று. எடுக்க வந்த மூன்றில் இரண்டு ஹெலிகாப்டர்கள் கண்ணை மறைக்கும் பனிப்புயலில் பனியாற்றிலேயே விழுந்து நொறுங்கின. ஹம்ஃப்ரி என்று செல்லப்பெயர் கொண்ட மூன்றாவதை ஓட்டிய இயன் ஸ்டான்லி மறுபடி போய், மிச்சமிருந்த அத்தனை பேரையும் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு கப்பலுக்கு வந்து சேர்ந்தார். ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த ஹெலிகாப்டர் இப்போது இங்கிலாந்தில் யோவில்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பனியாற்றின் தலைப்பிலிருந்து இறங்குகிற காற்றை விரிகுடாவில் நங்கூரம் போட்டிருக்கும்போது நான் அனுபவித்திருக்கிறேன். காற்றுமானி சும்மா கிடக்கும், அடுத்த நிமிடம் கப்பல் சங்கிலியை இழுத்துக்கொண்டு குறுக்கே திரும்பும். அந்த இரவை மேலே கழித்தவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது கவலை வேறு. பிரிட்ஜில் எங்களுக்கு எக்டிஸ் என்கிற எலக்ட்ரானிக் சார்ட் திரை இருக்கிறது. அதில் கப்பல் ஒரு சின்னக் குறியாகத் தெரியும். நோய்மாயர் பனியாற்றை நோக்கிப் போகும்போது, பழைய அளவையை வைத்து வரைந்த சார்ட்டாக இருந்தால், கப்பலின் குறி பனிக்கோட்டைத் தாண்டி, பனியாற்றின் நடுவுக்குள்ளேயே ஊர்ந்து போகும். ஜன்னல் வழியே பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். நிஜமான முகப்பு தூரத்தில் உள்ளே. சார்ட்டில் ஆழம் குறிக்காத நீர் அது, சோடியாக் என்கிற ரப்பர் படகில், ஆழம் அளக்கும் கையடக்க எக்கோ சவுண்டரோடு ஆள் முன்னே போகாமல் கப்பலை நகர்த்த மாட்டோம். முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது அடிவயிறு சில்லிட்டது. 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று அந்தத் தீவின் 103 கடலோரப் பனியாறுகளைப் பழைய புகைப்படங்களோடும் செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்பிட்டது. 97 சதவீதம் பின்வாங்கியிருந்தன. நோய்மாயர் மட்டும் 1957-லிருந்து 4.4 கி.மீ. உள்ளே போயிருந்தது. அதன் பிறகும் நிற்கவில்லை.

பனியாறு பின்வாங்கினால் கடலில் பனி உடைவது மட்டும்தான் விஷயம் என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். அந்தத் தீவில் பனியாறுகள் வேலியாகவும் இருந்தன. கப்பல்களில் வந்து இறங்கிய எலிகள் கரையோரமெங்கும் பெருகி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. ஆனால் கடல்வரை இறங்கிய பனியாறுகளை அவற்றால் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு துண்டு நிலத்திலும் தனித்தனி எலிக்கூட்டம், எலியே எட்டாத சில துண்டுகள். பனி பின்வாங்கி இடையில் கரை திறந்துவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும், அப்புறம் ஒழிக்கவே முடியாது. அதனால்தான் அவசரமாக 2011-லிருந்து 2015 வரை மூன்று கட்டமாக, ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஹெலிகாப்டரில் நச்சு இரை தூவினார்கள். மொத்தம் 1,000 சதுர கி.மீ.க்கு மேல். மோப்ப நாய்களை வைத்துத் தேடிப் பார்த்து, 2018-ல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். வேறெங்கும் இல்லாத அந்தத் தீவின் பிபிட் குருவி இப்போது கரையெல்லாம் பாடுகிறது. இன்னமும் இறங்குவதற்கு முன் எங்கள் பூட்ஸ், பை, கோட்டு எல்லாம் சோதனைக்குப் போகும். வெல்க்ரோ பட்டையில் ஒட்டியிருக்கும் புல் விதையை ஊசியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்போம். பயணிகளில் சிலர் முகம் சுளிப்பார்கள். வேலி கரைந்துகொண்டிருக்கிற வீடு என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பனி விட்டுப்போன இடங்களில் புதிய தண்ணீரும் புதிய கரையும் வந்திருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் ஒருநாள் பெயர் வரும். இடப்பெயர்க் குழு இன்றும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, முன்மொழிவுகளையும் வாங்குகிறது. என் ஆசை ஒன்றுதான். அந்தப் பெயர்கள் அங்கே வேலை செய்கிறவர்களிடமிருந்து வரட்டும். கிங் எட்வர்ட் பாயிண்ட்டில் படகு ஓட்டுகிறவர்கள், எலி ஒழிப்பில் மாதக்கணக்காகக் கூடாரத்தில் கிடந்தவர்கள், பிபிட் எண்ணுகிறவர்கள், சோடியாக் ஓட்டுகிற எங்கள் பெண்களும் பையன்களும். இவர்கள் வாயில் ஏற்கெனவே நிறையப் பெயர் இருக்கிறது. ஃபார்ச்சூனா விரிகுடாவிலேயே, நீர் இறங்கும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு பாறையை எங்கள் டிரைவர்கள் எல்லோரும் புரொப்பல்லர் பாறை என்றுதான் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் எப்போதோ இடித்த இடம். புதிதாக வருபவரிடம் முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அட்சரேகை, தீர்க்கரேகை, இடத்தை என்னவென்று சொல்கிறார்கள், யார் சொன்னது, எதனால் அந்தப் பெயர் என்று ஐந்து பத்திகள். வாட்ச் என்கிற பணிமுறை மாறும்போது டிரைவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதுகிறேன். கேடட் இப்போது தானாகவே கேட்டுவிட்டு வந்து சேர்க்கிறான். போன வாரம் அவன் கொண்டுவந்த பெயர் ஒன்றுக்கு இரண்டு டிரைவர்கள் இரண்டு காரணம் சொன்னார்களாம். இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.